மினி டிராக்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

தோட்ட வேலைக்கு வாங்கும் மினி டிராக்டர் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். நாள் முழுக்க உழும் பெரிய வண்டியில் தினமும் ஆயில் சுற்றும், பேட்டரியில் சார்ஜ் ஏறும், பெல்ட்டும் கிளட்சும் அசைந்துகொண்டே இருக்கும். தோட்டத்து வண்டி ஒரு வாரம் ஓடும், பிறகு ஒன்றரை மாதம் கொட்டகையில் நிற்கும். அந்த ஒன்றரை மாதத்தில் பேட்டரி இறங்கும், டீசல் டேங்கில் தண்ணீர் சேரும், எலி ஒயரைக் கடிக்கும், கிளட்ச் தட்டு துருவோடு ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற ஒரு வாரமும் மரத்தடியில்தான் ஓடும். சருகும் தூசியும் ரேடியேட்டரையும் ஏர் கிளீனரையும் அடைக்கும்.

15 முதல் 30 எச்.பி. வரையுள்ள டீசல் வண்டிகளில் நான் மறுபடி மறுபடி சரிசெய்த பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகவே இருந்தன: நின்றதால் வந்தது, அல்லது அடைத்ததால் வந்தது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் செலவில்லாததைச் சொல்லி, பிறகு செலவுள்ளதற்குப் போகிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வண்டியை ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் வண்டி ஓடலாம், ஆனால் எது பழுது என்று தெரியாது. அடுத்த முறையும் மூன்றையும் மாற்ற வேண்டி வரும்.

## கை வைக்கும் முன்

சமதரையில் நிறுத்துங்கள். பின்னால் மாட்டியிருக்கும் கருவியைத் தரையில் இறக்குங்கள். பி.டி.ஓ.வை (இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) விடுவித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கி நிற்கும் ரோட்டவேட்டருக்கு (மண்ணைக் கிளறும் சுழல் கருவி) அடியில் ஹைட்ராலிக்கை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள். கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகுதான் உள்ளே குனிய வேண்டும். பி.டி.ஓ. ஷாஃப்ட் சுற்றும்போது துண்டு, தளர்ந்த சட்டை, விரித்த முடி எதுவும் கிட்டே போகக் கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் அது ஒரு விநாடிக்கு 9 முறை சுற்றுகிறது. துணி சிக்கிய பிறகு கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

## சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லை

முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே பாதி விடை கிடைத்துவிடும்.

### விளக்கு மங்குகிறது, அல்லது எரியவே இல்லை

பேட்டரி, அல்லது பேட்டரிக்குப் போகும் இணைப்பு. உடனே புதுப் பேட்டரி வாங்கக் கிளம்பாதீர்கள். டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பளபளக்கும் வரை தேய்த்து மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வரிசை மாறினால் ஸ்பேனர் சேசிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

எர்த் ஒயரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் அந்த ஒயரின் மறுமுனை, பெயின்ட்டுக்கும் துருவுக்கும் மேலே பெயருக்கு முடுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிச் சுரண்டி மாட்டியதிலேயே பிழைத்த வண்டிகள் பல.

இதற்குப் பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 அல்லது அதற்கும் கீழே என்றால் மெதுவாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

பேட்டரியை மாற்றியும் மறுவாரமே இறங்கினால், இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் முதலில் பெல்ட், பிறகு ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் உள்ள ஒயர். இரண்டும் சரி என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

### விளக்கு பிரகாசமாக எரிகிறது, சத்தமே இல்லை

இங்கே பழுதே இல்லாமல் இருக்கலாம். கிளட்ச் பெடல் கடைசி வரை அமுங்கியிருக்கிறதா? பி.டி.ஓ. லீவர் அணைந்த நிலையில் இருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? இவற்றில் எதற்குப் பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு என்பது மாடலுக்கு மாடல் மாறும். கிளட்ச் பெடலுக்கு அடியில் உள்ள ஸ்விட்சில் மண் அடைத்து அமுங்காமல் போவது சகஜம். துடைத்து, ஒருமுறை விரலால் அமுக்கிப் பாருங்கள். பிறகு ஃபியூஸ். பிறகு ஒயரில் எலிப் பல்.

அந்த ஸ்விட்சை ஒயர் போட்டு நிரந்தரமாக இணைத்துவிடச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். செய்யாதீர்கள். கியரில் இருக்கும் வண்டி, கீழே நின்று ஸ்டார்ட் செய்தவர் மேலேயே ஏறும்.

### விளக்கு பிரகாசம், 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்

சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. செல்ஃப் மோட்டாரில் வந்து சேரும் தடித்த ஒயரின் நட்டை முடுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் 'டக்' மட்டும்தான் என்றால் செல்ஃபைக் கழற்ற வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது சொலினாய்டின் உள்தகடு கருகியிருக்கும். இரண்டும் பட்டறை வேலை. பெரிய செலவு இல்லை.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சைலன்சரைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் அரை நிமிடமாவது ஆற விடுங்கள்.

### புகையே வரவில்லை

டீசல் உள்ளே போகவில்லை. முதலில், இன்ஜினை நிறுத்தும் கம்பி முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா? கேபிள் துருப்பிடித்து, கைப்பிடி உள்ளே போயும் பம்பில் உள்ள லீவர் பாதியில் நிற்கும். அந்த லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். கம்பிக்குப் பதில் எலக்ட்ரிக் சொலினாய்டு உள்ள வண்டிகளில், சாவியை ஆன் செய்ததும் டீசல் பம்பு அருகே சின்னதாக 'டிக்' கேட்க வேண்டும்.

அடுத்து டேங்க். காட்டும் முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். டேங்க் அடியில் உள்ள டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். வடித்து ஊற்றுங்கள். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால், இன்றைக்கு மாற்ற வேண்டிய நாள்.

ஃபில்டர் மாற்றினாலோ டீசல் தீர்ந்து நின்றாலோ ஏர் லாக் ஆகும், அதாவது குழாயில் காற்று புகுந்து டீசலைத் தடுக்கும். அதை எடுக்கும் முறை:

ஃபில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்த பிறகு, பம்பை அடித்துக்கொண்டே ஸ்குரூவை முடுக்குங்கள். அடுத்து டீசல் பம்பில் உள்ள ஸ்குரூவில் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு இன்ஜின் பிடித்துவிடும். பிடிக்கவில்லை என்றால், நாசிலுக்கு (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாகம்) போகும் குழாய்களின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, மேலே துணியைப் போர்த்தி, செல்ஃப் அடியுங்கள். டீசல் கசியத் தொடங்கியதும் முடுக்குங்கள்.

இந்தக் கடைசிப் படியில் இரண்டு எச்சரிக்கை. அந்தக் குழாயில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வரும். விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். துளைத்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி குத்திய அளவு புள்ளிதானே என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். இரண்டாவது, காமன் ரெயில் இன்ஜின் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) உள்ள வண்டியில் நாசில் குழாயைத் தொடவே கூடாது. அதன் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு.

டீசல் பம்புக்கு உள்ளே தெளிவாகப் போயும் நாசிலுக்கு வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பம்பைத் திறப்பதற்குத் தனிப் பட்டறை வேண்டும். பொது மெக்கானிக்கே அதைத் திறக்காமல்தான் அனுப்புவார்.

### வெள்ளைப் புகை வருகிறது, பற்றவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் டீசல் எரியத் தேவையான சூடு கிடைக்காது. அப்போது பழுது மேலே சொன்ன பேட்டரிப் பக்கம். குளிர்ந்த காலையில் மட்டும் இப்படி என்றால் குளோ பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் மின் பிளக்). அதன் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். தொடர்ச்சி இல்லாத பிளக் செத்துவிட்டது. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் செத்தாலே ஸ்டார்ட் ஆகும்போது வண்டி நடுங்கும்.

குளோ பிளக் உள்ள இன்ஜினில் சீக்கிரம் பற்ற வைக்க அடிக்கும் ஈதர் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டனை உடைக்கும்.

பேட்டரி, பிளக் இரண்டும் சரியாக இருந்தும் சூடான பகலில்கூடப் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) சோதிக்க ஆள் கூப்பிடும் கட்டம் இது.

## ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி ஊதினால் முடிந்தது.

அது இல்லை என்றால் பாதி அடைத்த ஃபில்டர், அல்லது டேங்கின் வாயில் சருகுத் துண்டு. வண்டி நின்றபின் துண்டு மிதந்து விலகும், வண்டி மீண்டும் ஓடும், பத்து நிமிடத்தில் மீண்டும் வந்து அடைக்கும். இந்த ஒன்று ஆட்களை ரொம்பவும் அலைக்கழிக்கும். டேப்பைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் டீசலை விட்டுப் பாருங்கள். ஒரே சீராக விழ வேண்டும். மெலிந்து மெலிந்து விழுந்தால் டேங்கைக் கழுவுங்கள்.

மூன்றாவது, வெளியே சொட்டுகூடக் கசியாமல் உள்ளே காற்றை இழுக்கும் ஹோஸ். டேங்குக்கும் பம்புக்கும் இடையே இழுவைப் பக்கம் வெடித்த ரப்பர், டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே விடும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடுவது தெரிந்தால் குழாய்களையும் கிளிப்புகளையும் மொத்தமாக மாற்றுங்கள். ஒரே வயது ஹோஸ்களில் ஒன்று வெடித்தால் மற்றவை பின்னாலேயே வரும்.

## இழுவை இல்லை, புகை தள்ளுகிறது

### கறுப்புப் புகை

டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் கிளீனரைத் திறங்கள். தோட்டத்து வண்டியில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது இந்த ஏர் கிளீனரைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

காகித ஃபில்டராக இருந்தால், உள்ளே இருந்து வெளியே, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் ஏறும். டயரில் தட்டி உதறும் பழக்கம் விளிம்பை வளைத்து, ஓரத்தில் சந்து விடும். ஊதிய பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டுப் பாருங்கள். ஊசித் துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். உள்ளே இரண்டாவதாகச் சின்ன ஃபில்டர் இருந்தால் அதை ஊதவோ கழுவவோ கூடாது. மாற்ற மட்டும்தான். அடியில் ரப்பர் மூக்கு போன்ற வால்வு இருந்தால் தினமும் ஒருமுறை பிதுக்கித் தூசியைக் கொட்டுங்கள். ஆயில் நிரப்பும் வகை என்றால் ஆயிலைக் குறி வரைதான் ஊற்ற வேண்டும். கூடினால் இன்ஜின் அதை உறிஞ்சும், குறைந்தால் தூசி நேரே உள்ளே போகும்.

ஃபில்டருக்குப் பிறகு இன்ஜினுக்குப் போகும் குழாயின் கிளிப்பையும் விடாதீர்கள். ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் அந்தக் கிளிப் தளர்ந்திருந்தால், இன்ஜின் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறது. குழாயைக் கழற்றி உள்சுவரில் விரலால் தடவுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கலாம், மண் இருக்கக் கூடாது.

காற்று சரியாக இருந்தும் கறுப்புப் புகை என்றால், லோடு அதிகம். ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் போகவில்லை என்றால் நாசில்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள்.

### நீலப் புகை

ஆயில் எரிகிறது. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு மேல்குறியைத் தாண்டியிருந்தால் முதலில் அதை வடியுங்கள். அளவு சரியாக இருந்தும் ஆயில் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், பிஸ்டன் ரிங்கு அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளும். மெக்கானிக் வேலை இது. ஆனால் அவசரம் இல்லை. ஆயிலைப் பார்த்துப் பார்த்து ஊற்றி வேலைப் பருவத்தை முடித்துவிட்டுக் கொடுக்கலாம்.

### வெள்ளைப் புகை நிற்காமல்

ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் கவலையில்லை. சூடான பிறகும் வருகிறது, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்த வேண்டும். அதன்பின் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்குகளைத் தின்னும். ஆயிலின் அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் அதுவும் இதே போல: ஓட்டாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

## சூடு முள் ஏறுகிறது

முள் ஏறியதைக் கண்டதும் பி.டி.ஓ.வை அணைத்து, லோடை இறக்கி, சில நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். ஃபேனும் தண்ணீரும் சுற்றிக்கொண்டே சூட்டை இறக்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் பீய்ச்சினாலோ மட்டும் உடனே அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். கையை வைத்துத் தாங்க முடியும் அளவு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

தோட்ட வண்டியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் சருகு. முன்பக்க வலையைச் சுத்தம் செய்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வலையைத் தாண்டிய பொடி, ரேடியேட்டர் செதில்களுக்குள் கம்பளம் போலப் படிந்திருக்கும். வெளிச்சத்தை மறுபக்கம் காட்டி, இந்தப் பக்கமிருந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் காற்றும் போகாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி ஊதுங்கள். தண்ணீர் அடித்தால் மெதுவாக அடியுங்கள். பிரஷர் பம்பு செதிலை மடக்கிவிடும், மடங்கிய செதில் தானாக நிமிராது.

பிறகு பெல்ட். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அமுக்கினால் ஏறத்தாழ 10 மி.மீ. இறங்க வேண்டும். கூடுதலாக இறங்கினால் இழுத்துக் கட்டுங்கள்.

தண்ணீர் குறைந்திருந்தால் எங்கே போனது என்று தேடாமல் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஹோஸ் முனைகள், ரேடியேட்டர் அடி, தண்ணீர் பம்பின் கீழே ஒழுகும் துளை ஆகியவற்றைப் பாருங்கள். பம்பில் அந்தத் துளை வழியாகச் சொட்டுகிறது என்றால் அதன் சீல் போய்விட்டது. வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டும் வண்டியில் உள்ளே உப்பும் துருவும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுவதே நல்லது.

தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழி திறக்கும் வால்வு) சந்தேகித்தால் கழற்றிச் சூடான தண்ணீரில் போடுங்கள். கொதிக்கும் முன்பே திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது. கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வல்ல. இன்ஜின் என்றுமே சரியான சூட்டுக்கு வராது, டீசல் கூடுதலாகத் தின்னும்.

இத்தனையும் சரியாக இருந்து, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட்டைத் திறக்க வேண்டும். உங்கள் வேலை அங்கே முடிந்தது.

## லிஃப்ட் மக்கர் செய்கிறது

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் இரண்டு படி ஒன்றே: லிஃப்டின் கைகளை, அதாவது பின்னால் கருவியைத் தூக்கும் கம்பிகளை, இறக்கிவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள், பிறகு ஹைட்ராலிக் ஃபில்டர். பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸ் ஆயிலே லிஃப்டுக்கும் போகிறது. அதனால் கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயிலை ஊற்றி அளவைச் சமன் செய்வது அதே ஆயிலில் நனைந்து ஓடும் பிரேக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

### தூக்கவே இல்லை

கருவியைக் கழற்றிவிட்டு வெறும் கைகள் தூக்குகின்றனவா பாருங்கள். தூக்கினால், கருவி கனம் அதிகம், அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. வெறும் கையும் எழவில்லை என்றால் லீவரில் இருந்து உள்ளே போகும் கம்பியின் பின் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அழுத்தமானி வைத்துப் பார்ப்பவர் வேண்டும். ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) ஊகத்தில் முடுக்கக் கூடாது. அதிக அழுத்தத்தில் உடையும் பாகம் எதுவாக இருந்தாலும் ரிலீஃப் வால்வைவிட விலை அதிகம்.

### தூக்குகிறது, இறங்க மாட்டேன் என்கிறது

இருக்கைக்கு அடியிலோ அருகிலோ இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழ் ஒன்று இருக்கும். யாராவது அதை இறுக மூடியிருப்பார்கள். இதற்காகவே வண்டியை ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பிய கதை எனக்கு ஒன்றுக்கு மேல் தெரியும்.

### காலையில் தூக்குகிறது, சூடான பின் சோர்கிறது

சூடான ஆயில் இளகி, தேய்ந்த பம்பில் வழுகிவிடுகிறது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகும் இப்படியே என்றால் பம்பு செலவுக்குத் தயாராகுங்கள்.

### ஊளைச் சத்தம்

பம்புக்கு ஆயில் கிடைக்கவில்லை. உறிஞ்சும் பக்க வலை அடைத்திருக்கும், அல்லது இணைப்பில் காற்று இழுக்கும். ஆயில் நுரைத்திருந்தால் காற்று. இந்த ஊளையோடு ஓட்டினால் பம்பு உள்ளே சுரண்டிக்கொள்ளும்.

ஹைட்ராலிக் ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். டீசல் குழாய்க்குச் சொன்ன அதே ஆபத்து இங்கும் உண்டு.

## ரோட்டவேட்டர் சுற்றவில்லை, திணறுகிறது, அதிர்கிறது

பி.டி.ஓ. சுற்றி, கருவி சுற்றவில்லை என்றால் ஷியர் போல்ட் அறுந்திருக்கும். அது அறுவதற்காகவே போட்டது. அதே தரத்தில் மாற்றுங்கள். கையில் கிடைத்த கடினமான போல்ட்டைப் போட்டால், அடுத்த கல்லில் கியர்பாக்ஸ் உடையும்.

அதிர்ந்தால் பிளேடுகளை எண்ணுங்கள். ஒன்று காணாமல் போனாலும் ஆடும். பிறகு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டுவது அடிக்கடி நடக்கும். கருவியை அதிகம் தூக்கிய நிலையில் சுற்ற விட்டாலும் ஷாஃப்ட் கோணம் மடங்கி முட்டும்.

ரோட்டரின் இரண்டு முனையிலும் சுற்றிய கயிறு, கொடி, சொட்டு நீர்க் குழாய் துண்டுகளைத் தினமும் அறுத்து எடுங்கள். அவை சீலைத் தின்று, பேரிங்குக்கு மண்ணை அனுப்பும்.

எதிலும் குறை தெரியாமல் வண்டி மண்ணில் திணறுகிறது என்றால் அது பழுதல்ல, வாங்கும்போது நடந்த அளவுத் தவறு. ரோட்டவேட்டரின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் பி.டி.ஓ.வில் சுமார் 5 எச்.பி. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எச்.பி. அல்ல, பி.டி.ஓ. எச்.பி. இரண்டும் ஒன்றல்ல, பின்னது எப்போதும் குறைவு. அதே சமயம் கருவி, பின்சக்கரத் தடங்களை மூடும் அகலம் இருக்க வேண்டும். இறுகிய மண்ணில் ஒரே தடவையில் ஆழம் போகாமல் இரண்டு தடவையாகப் போனால் சிறிய வண்டியும் செய்யும்.

## கிளட்ச்

வழுக்குகிறது: இன்ஜின் வேகம் ஏறும், வண்டி ஏறாது. பெடலின் மேல் காலை வைத்தே ஓட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். பெடலில் வெற்று அசைவு 20 முதல் 30 மி.மீ. வரை இருப்பது வழக்கம். உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பாருங்கள். அசைவே இல்லை என்றால் அந்தக் கம்பியைச் சரிசெய்தாலே வழுக்கல் நிற்கலாம். நிற்கவில்லை என்றால் வண்டியை இரண்டாகப் பிரித்துத் தட்டை மாற்ற வேண்டும்.

விடவில்லை, கியர் கரகரக்கிறது: நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை அரை மணி நேரம் சூடாக்கி அணைத்து, பெடலை அமுக்கிக் கட்டையால் முட்டுக்கொடுத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். விடாவிட்டால் மெக்கானிக். வண்டியை நிறுத்திப் போடும் காலத்தில் பெடலை அமுக்கிப் பிடிக்கும் கொக்கி உங்கள் வண்டியில் இருந்தால், அதை மாட்டி வைப்பதே இதற்கு மருந்து.

கிளட்சுக்குப் பதில் ஹைட்ரோஸ்டாடிக் கியர் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) உள்ள வண்டியில் சூடானதும் இழுவை குறைந்தால் ஆயில் அளவு, ஃபில்டர், குளிர்விக்கும் செதில்களில் புல், இந்த வரிசையில் பாருங்கள். உள்ளே திறப்பது தனித் தேர்ச்சி உள்ளவர் வேலை.

## ஸ்டியரிங்கும் பிரேக்கும்

முன்சக்கரம் ஆடினால் டயர் காற்று, பிறகு டை ராட் (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனைகள், பிறகு சக்கர பேரிங். ஸ்டியரிங் திடீரென்று லேசாகி, திருப்பினால் வண்டி நேரே போகிறது என்றால் பின்னால் கனம் அதிகமாகி முன்பக்கம் எழும்புகிறது. முன் எடை மாட்டுங்கள். சரிவில் இது உயிர் விஷயம். பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு பெடலையும் சேர்க்கும் கொக்கி மாட்டியிருக்கிறதா பாருங்கள். மாட்டியும் இழுத்தால், இரு பக்கத்தின் வெற்று அசைவைச் சமமாக்குங்கள். அதற்குப் பிறகும் என்றால் ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## பழைய வண்டி வாங்கும்போது இதே அறிகுறிகள்

விற்பவரிடம் வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதிலேயே பேட்டரி, குளோ பிளக், கம்ப்ரஷன் மூன்றும் தெரிந்துவிடும்.

கருவியை மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்து, கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். கருவி எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள். வெகுவாக இறங்கியிருந்தால் லிஃப்டில் குறை. மணிக்கணக்கு மீட்டர் குறைவாகக் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். பி.டி.ஓ. முனையின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் கடும் உழைப்பு பார்த்த வண்டி. தலைக்கு மேல் உள்ள பாதுகாப்புக் கம்பியும் சீட் பெல்ட்டும் இருக்கின்றனவா? கழற்றப்பட்டிருந்தால் அதைத் தேடி மாட்டித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி விரலை உள்ளே விடுங்கள். பெயின்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும், டயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விரலில் மண் ஒட்டினால் நான் அந்த வண்டியை வாங்குவதில்லை.